அரையாண்டுத் தேர்வு கடைசி நாளுக்குள் பள்ளிக் கிறிஸ்துமஸ் குடிலில் புல் வளர என்ன செய்யணும்?

ஆர்.சி. தொடக்கப்பள்ளி, 4 அடிக்கு 3 அடி குடில். டிசம்பர் 22 விழாவுக்குப் புல் பச்சையா நிக்கணும். எப்போ விதைக்கலாம்? குடிலுக்குப் பாறை செய்ய என்ன தாள்?

பதில் 1:
கேழ்வரகு போடுங்க டீச்சர். 11ஆம் தேதி இரவு ஊறவச்சு, மறுநாள் ஈரத்துணியில கட்டி வைங்க. 13ஆம் தேதி முளை கட்டினதும் தட்டுல ஒரு அங்குல மண்ணு பரப்பி நெருக்கமா தூவுங்க. தட்டுக்கு அடியில ஓட்டை கட்டாயம். தண்ணி தேங்கினா வெள்ளையா பூஞ்சை பிடிச்சு வேர் அழுகிடும். ஊத்தாதீங்க, தெளிங்க. வெளிச்சமில்லாத அறையில வச்சா மஞ்சளா நீண்டு சாஞ்சிடும்.

பதில் 2:
பாறைக்குக் காலி சிமெண்ட் பையோட காகிதம்தான் சரி. தூசி தட்டி, நல்லா கசக்கி, மைதாப் பசையில ஒட்டி, காய்ஞ்ச பிறகு பெயிண்ட். பசையில மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) கலக்கிற பழக்கம் உண்டு. அது விஷம், பிள்ளைங்க கை வைக்கிற இடத்துல வேண்டாம். சீரியல் பல்பை வைக்கோல் கூரைமேல சுத்தாதீங்க.

பதில் 3:
பாலன் இயேசு சொரூபத்தை 24 இரவுதான் குடில்ல வைப்பாங்க, அப்போ பள்ளி பூட்டியிருக்கும். விழா அன்னைக்கே வைக்கலாமான்னு பங்குத்தந்தைகிட்ட முன்கூட்டியே கேட்டுடுங்க. பாலனைப் பார்க்க வந்த மூன்று ராஜாக்கள் சொரூபங்கள் தள்ளியே நிக்கட்டும். அவங்க நாள் ஜனவரி 6.