தைராய்டு ஆபரேஷனுக்குப் பிறகு கை இழுக்கிறது: கால்சியம் குறைந்தால் தசை தளரத்தானே வேண்டும்?

கேட்டவர்:
அம்மாவுக்குப் போன வாரம் தைராய்டை முழுதாக எடுத்தார்கள். வீட்டுக்கு வந்ததிலிருந்து உதட்டைச் சுற்றியும் விரல் நுனியிலும் மரத்துப்போய் ஊசி குத்துகிற மாதிரி இருக்கிறதாம். இன்று காலை பிபி பார்க்கப் பட்டையைக் கட்டிக் காற்றடித்தேன். கொஞ்ச நேரத்தில் மணிக்கட்டு மடங்கி, கட்டைவிரல் உள்ளங்கைக்குள் போய், மற்ற விரல்கள் நீட்டியபடியே ஒட்டிக்கொண்டன. காற்றை இறக்கியதும் மெல்லச் சரியானது. பயந்துவிட்டேன். கால்சியம் குறைவு என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. தசை சுருங்கவே கால்சியம் வேண்டும் என்றுதான் பிளஸ் டூவில் படித்தேன். குறைந்தால் தளர வேண்டும், ஏன் இறுகுகிறது? கடையில் மாத்திரை வாங்கிக் கொடுத்தால் போதுமா?

வார்டு நர்ஸ்:
தம்பி, கடைக்குப் போக வேண்டாம். அம்மாவை இப்போதே ஆபரேஷன் நடந்த இடத்துக்குக் கூட்டிப் போங்கள். நீங்கள் பார்த்தது ட்ரூசோ அறிகுறி, ரத்தத்தில் கால்சியம் குறைந்தால் பட்டை கட்டும்போது கை இப்படி இழுக்கும். கால்சியம், மெக்னீசியம், பாராதைராய்டு ஹார்மோன் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். மூச்சில் சத்தம் வந்தாலோ வலிப்பு வந்தாலோ உடனே 108. மறுபடி பட்டை கட்டிச் சோதிக்காதீர்கள்.

உடலியங்கியல் ஆசிரியர்:
நல்ல கேள்வி. தசை சுருங்கத் தேவையான கால்சியம் தசை இழைக்குள்ளேயே சேமிப்பாக இருக்கிறது. ரத்தத்தில் குறைந்தாலும் அது உடனே காலியாகாது. நரம்புக்கு வெளியே உள்ள கால்சியத்துக்கு வேறு வேலை: சோடியம் நரம்புக்குள் நுழையும் வாயில்கள் சட்டென்று திறந்துவிடாமல் அடக்கிவைப்பது. ஓய்வில் நரம்பின் உட்புறம் ஏறக்குறைய மைனஸ் 70 மில்லிவோல்ட். அது மைனஸ் 55 அளவுக்கு ஏறினால்தான் வழக்கமாக நரம்புத் துடிப்பு (மின் சைகை) கிளம்பும். வெளியே கால்சியம் குறையும்போது அதற்கு முன்பே வாயில்கள் திறந்துவிடுகின்றன. உணர்வு நரம்பில் இது நடந்தால் ஊசி குத்தல், இயக்க நரம்பில் நடந்தால் இழுப்பு. பட்டை ரத்தத்தைத் தடுத்ததும், ஏற்கெனவே துள்ளிக்கொண்டிருந்த நரம்பு இன்னும் கிளர்ந்துவிட்டது.

கேட்டவர்:
சேர்த்துவிட்டோம். கால்சியம் டெசிலிட்டருக்கு 6.8 மில்லிகிராம். ரத்தக்குழாய் வழியாகக் கால்சியம் ஏற்றுகிறார்கள், ஊசி குத்தல் குறைந்துவிட்டது. இன்னொரு சந்தேகம். எலும்பில்தான் கால்சியம் கொட்டிக் கிடக்கிறதே, உடம்பு அதிலிருந்து எடுத்துக்கொள்ளாதா?

உடலியங்கியல் ஆசிரியர்:
எடுக்கும், ஆனால் சாவி பாராதைராய்டு ஹார்மோனிடம் இருக்கிறது. உடம்பின் கால்சியத்தில் 99 சதவீதம் எலும்பிலும் பல்லிலும்தான். ரத்தத்தில் அது 8.5-க்குக் கீழே போனால் இந்த ஹார்மோன் கூடி, எலும்பைக் கரைக்கும் செல்களை முடுக்கும், சிறுநீரில் வெளியேறுவதைத் தடுக்கும், வைட்டமின் டி-யைச் செயல்பட வைத்துக் குடலையும் கூடுதலாக உறிஞ்சச் செய்யும். அதைச் சுரக்கும் சுரப்பிகள் பெரும்பாலானவர்களுக்கு நான்கு, ஒவ்வொன்றும் அரிசியளவு, தைராய்டின் முதுகில் ஒட்டியிருப்பவை. எவ்வளவு கவனமாகச் செய்தாலும் ஆபரேஷனில் அவற்றுக்கு ரத்த ஓட்டம் குறையக்கூடும். பலருக்குச் சில வாரங்களில் தேறிவிடும்.

வார்டு நர்ஸ்:
வீட்டுக்கு அனுப்பும்போது கால்சியத்தோடு கால்சிட்ரையாலும் (செயல்படும் வடிவிலான வைட்டமின் டி) கொடுப்பார்கள். தைராய்டு ஹார்மோனுக்குப் பதிலாகப் போடும் தைராக்சின் மாத்திரைக்கும் கால்சியத்துக்கும் 4 மணி நேரமாவது இடைவெளி விடுங்கள், சேர்த்துப் போட்டால் தைராக்சின் உடம்பில் சரியாகச் சேராது. அடுத்த ரத்தப் பரிசோதனை எப்போது என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.