மணல் காணியில் சோளன் இலையில் வெள்ளைப் பட்டை: நுண்போசணைப் போத்தல் வாங்கலாமா?

கும்புறுப்பிட்டியான்

எல்லாருக்கும் வணக்கம். திருகோணமலை மாவட்டம் கும்புறுப்பிட்டியில் கடற்பக்கம் இருக்கும் எங்கள் காணியில் ஒரு ஏக்கர் சோளன் போட்டிருக்கிறேன். கலப்பின விதை, பெரும்போக மழையோடு ஊன்றியது. முளைத்து மூன்று கிழமை ஆகிறது. மண் வெறும் மணல், கிண்டினால் சிப்பித் துண்டுகள் வரும்.

குருத்திலிருந்து புதிதாக வரும் இலைகளில் நடுநரம்புக்கு இரண்டு பக்கமும் அகலமான வெள்ளைப் பட்டை விழுகிறது. இலையின் அடியில் தொடங்கி மேலே போகிறது. நடுநரம்பும் ஓரமும் பச்சைதான். கீழ் இலைகளில் ஒரு குறையும் இல்லை. ஆனால் கணுக்கள் நெருங்கி, செடி கட்டையாக நிற்கிறது. யூரியா போட்டுப் பார்த்தேன், நிறம் திரும்பவில்லை.

பசளைக் கடையில் அரை லீற்றர் போத்தல் ஒன்றைக் காட்டி, ஏக்கருக்கு இது போதும் என்றார்கள். லேபலில் நாகம் (சிங்) 2 வீதம், அதோடு இரும்பு, மங்கனீசு, போரன், செம்பு எல்லாம் போட்டிருக்கிறது. மணலுக்கு என்ன போட்டாலும் தங்காது, காசை வீணாக்காதே என்கிறார் அப்பா. எதைக் கேட்பது?

மேட்டுநில அக்கா

தம்பி, இவ்வளவு விவரமாக எழுதியதற்கே நன்றி சொல்ல வேண்டும். விவசாயப் போதனாசிரியையாக மூதூர், ஈச்சிலம்பற்றுப் பக்கம் வேலை செய்த காலத்தில் பலர் "இலை மஞ்சள்" என்று மட்டும்தான் சொல்வார்கள். எந்த இலை, எந்த இடம் என்று தெரியாமல் பதில் சொல்ல முடியாது.

நீங்கள் சொல்வது நாகக் குறைபாட்டின் அடையாளம். நைதரசன் குறைந்தால் கீழ் இலைதான் முதலில் மஞ்சளாகும், அதுவும் நுனியிலிருந்து நடுநரம்பு வழியாக உள்ளே இறங்கும். பொட்டாசியம் குறைந்தால் கீழ் இலையின் ஓரம் கருகும். இரும்புக் குறையில் இளம் இலை முழுக்க மெல்லிய கோடு கோடாக வரும். அடியில் அகலப் பட்டை, குறுகிய கணு, பச்சை ஓரம் மூன்றும் சேர்ந்தால் நாகம்தான். ஒரு தடவை குருத்தையும் விரித்துப் பாருங்கள். மரத்தூள் மாதிரி எச்சமும் ஓட்டையும் இருந்தால் அது படைப்புழு. அதற்கு எந்தப் பசளையும் மருந்தாகாது.

உங்கள் மண்ணில் இது வருவதற்குக் காரணம் அந்தச் சிப்பி. சிப்பி என்றால் சுண்ணாம்பு. ஒரு பிடி மண்ணில் கொஞ்சம் வினாகிரி விட்டுப் பாருங்கள், நுரைத்தால் காரமண். காரமண்ணில் நாகம் இருந்தாலும் வேருக்குக் கரைந்து கிடைக்காது. போதாததற்கு மணலில் சேதனப் பொருளும் குறைவு. பொசுபரசுப் பசளையான டிஎஸ்பியை அளவுக்கு மேல் போட்டிருந்தால் அதுவும் பயிர் நாகம் எடுப்பதைக் குறைக்கும்.

இனிப் போத்தல் கணக்கு. அரை லீற்றரில் 2 வீதம் என்றால் ஏறத்தாழ 10 கிராம் நாகம். ஒரு தொன் சோள மணியோடு மட்டும் 20 கிராம் அளவில் நாகம் காணியை விட்டுப் போகிறது. தண்டும் இலையும் வேறு. இவ்வளவு குறைபாடு தெரியும் பயிருக்கு அந்தப் போத்தல் எப்படிப் போதும்? செம்பும் மங்கனீசும் உங்கள் பயிர் கேட்காதவை. கடன் வாங்கிப் பயிர் செய்கிறவரிடம் மண்ணையும் பார்க்காமல், இலையையும் பார்க்காமல் இப்படி விற்பது எனக்குப் பொறுக்கவில்லை.

சாதாரண சிங் சல்பேற் வாங்குங்கள். 21 வீத நாகம் உள்ளது ஒன்று, 33 வீதத்துக்கு மேல் உள்ளது ஒன்று. பையைப் பார்த்து எது என்று உறுதி செய்யுங்கள். இந்தப் பயிருக்கு இலையில் தெளிப்பதுதான் வேகம். 21 வீதச் சரக்கென்றால் லீற்றருக்கு 5 கிராம், 16 லீற்றர் டாங்கிக்கு 80 கிராம். அது தனியாக விட்டால் இலையைச் சுடும். அதனால் 40 கிராம் நீறின சுண்ணாம்பை வேறு வாளியில் கரைத்து, தெளிய விட்டு, மேல்தண்ணியை வடித்துச் சேருங்கள். வெயில் தாழ்ந்த பிறகு அடியுங்கள். இரண்டு கிழமைக்குள் வரும் புது இலை பச்சையாக இருக்க வேண்டும். பழைய பட்டை மாறாது, அதைப் பார்த்து மனம் தளர வேண்டாம். தள்ளிப் போடவும் வேண்டாம். பொத்தியில் எத்தனை வரிசை மணி என்பதைச் செடி முழங்கால் உயரத்திலேயே தீர்மானித்துவிடும்.

தம்பலகாமம்_வயல்

அக்கா சொன்னது சரி. நான் சிறுபோகத்தில் வயலில் சோளன் போடுகிறேன், எனக்கு இப்படிப் பட்டை வருவதில்லை. ஆனால் பொத்தியில் மணி இடைவெளி விட்டு விழுகிறது. போரன் குறை என்று ஒருவர் சொன்னார். போரனும் சேர்த்து அடிக்கலாமா?

மேட்டுநில அக்கா

தம்பலகாமம் தம்பி, போரனில் அவசரம் வேண்டாம். குறைவுக்கும் நஞ்சுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி மிகக் குறுகியது, சோளனுக்குத் தேவையும் கொஞ்சம்தான். மணி விடுபடுவதற்குப் பெரும்பாலும் காரணம் பொத்தி மயிர் வரும் நேரத்துத் தண்ணிக் குறையும் வெக்கையும். சிறுபோகத்தில் அதைத்தான் முதலில் சந்தேகிப்பேன். அந்தக் கிழமைகளில் நீரைத் தவறவிடாமல் கொடுத்தும் மணி விடுபட்டால், மண் பரிசோதித்து அப்புறம் போரனைப் பற்றிப் பேசலாம்.

கும்புறுப்பிட்டியான்

அக்கா, வினாகிரி விட்டேன், நன்றாக நுரைத்தது. குருத்தில் புழு இல்லை. சிங் சல்பேற் 21 வீதம் கிடைத்தது. இரண்டு சந்தேகம். அடித்தவுடன் மழை வந்தால்? அப்பா சொல்கிற மாதிரி மணலில் போட்டால் கழுவிப் போய்விடாதா?

மேட்டுநில அக்கா

அடித்து சில மணித்தியாலத்துக்குள் பெருமழை வந்தால் திரும்ப அடிக்க வேண்டும். வராவிட்டாலும் பத்துப் பன்னிரண்டு நாளில் இன்னொரு முறை அடியுங்கள்.

அப்பா சொல்வது யூரியாவுக்கு உண்மை. நைதரசன் மணலில் மழையோடு இறங்கிவிடும், அதனால்தான் அதைப் பிரித்துப் பிரித்துப் போடச் சொல்கிறோம். நாகம் அப்படி ஓடாது, உங்கள் மாதிரி மண்ணில் போட்ட இடத்திலேயே நிற்கும். அடுத்த போகம் விதைக்கு முன் ஏக்கருக்கு 10 கிலோ சிங் சல்பேற்றை உலர்ந்த மணலோடு கலந்து ஒரே சீராக எறிந்து கொத்திவிடுங்கள். டிஎஸ்பியோடு ஒன்றாகக் கலக்க வேண்டாம். இரண்டு மூன்று போகத்துக்குத் திரும்பப் போடத் தேவை இராது. காசுக்கணக்கில் போத்தலை விட இதுதான் தாங்கும்.

ஆனால் நாகம் மட்டும் போட்டு விளைச்சல் எகிறும் என்று நம்ப வேண்டாம். குச்சவெளிப் பக்கம் மாட்டுப் பட்டிகளுக்குக் குறைவில்லையே. மழைக்கு முன் மாட்டெரு ஏற்றிப் போடுங்கள். அந்த மணலில் தண்ணியையும் பசளையையும் பிடித்து வைப்பது எருதான். 2021இல் இரசாயனப் பசளை நிறுத்தப்பட்டபோது, எரு சேர்த்து வைத்திருந்தவர்களும் விளைச்சல் இழந்தார்கள், உண்மை. அதற்காக எருவை விட்டுவிடலாகாது. இரண்டும் வேண்டும்.

நாளை அடிக்கும்போது காணியின் நடுவில் நான்கு வரிசையை அடிக்காமல் விட்டு, தடி நட்டு அடையாளம் வையுங்கள். அறுவடையில் அந்த வரிசையையும் பக்கத்து நான்கு வரிசையையும் தனித்தனியாக நிறுத்து, கிலோக் கணக்கை இங்கே எழுதுங்கள். நிலாவெளி, குச்சவெளிக் கரையில் இதே மணலில் பயிர் செய்கிறவர்களுக்கு உதவும்.

கும்புறுப்பிட்டியான்

சரி அக்கா, அப்படியே செய்கிறேன். சுண்ணாம்பு இப்போதே கரைத்து வைத்துவிட்டேன்.