உணவியலாளர் பணியில் கைபேசியும் டேப்லெட்டும்: எவற்றை அவற்றிடம் ஒப்படைக்கலாம்?

கேள்வி
பதிவிட்டவர்: வார்டு உணவியலாளர்

அனைவருக்கும் வணக்கம். நான் ஒரு பொது மருத்துவமனையில் உணவியலாளராகப் பணிபுரிகிறேன். உள்நோயாளிகளைப் படுக்கையருகே சென்று பார்ப்பது, புறநோயாளிகளுக்கு ஆலோசனை வழங்குவது, குழாய்வழி உணவு பெறுபவர்களுக்குத் திட்டம் வகுப்பது ஆகியவை என் அன்றாட வேலைகள். எங்கள் துறைக்குச் சில டேப்லெட்டுகளை வாங்கித் தர நிர்வாகம் முன்வந்திருக்கிறது; அவற்றை எந்தெந்த வேலைகளுக்குப் பயன்படுத்தப் போகிறோம் என்பதை முதலில் எழுத்து வடிவில் தரும்படி கேட்டிருக்கிறார்கள்.

துறைக்குள் இதில் ஒருமித்த கருத்து இல்லை. நோயாளியின் எதிரே அமர்ந்துகொண்டு திரையைப் பார்ப்பது முறையல்ல என்று மூத்தவர்கள் கருதுகிறார்கள். இளையவர்களோ எல்லா வேலைக்கும் ஒரு செயலி இருக்கும்போது தாளை ஏன் சுமக்க வேண்டும் என்று கேட்கிறார்கள். கணக்கீடு, உணவுப் பதிவு, தொடர் கண்காணிப்பு ஆகியவற்றில் எதைக் கையடக்கக் கருவிக்கு மாற்றினால் உண்மையிலேயே பயன் கிடைக்கும்? செயலிகள் காட்டும் ஊட்டச்சத்து எண்களை எந்த அளவுக்கு நம்பலாம்? சிலர் இப்போதே சொந்தக் கைபேசியைத்தான் பயன்படுத்துகிறார்கள், அதை அனுமதிக்கலாமா? அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

மறுமொழி 1
பதிவிட்டவர்: தீவிர சிகிச்சைப் பிரிவு உணவியலாளர்

செயலிகளின் பட்டியலை வைத்துக்கொண்டு தொடங்காதீர்கள். உங்கள் வேலையில் ஓர் எண் எங்கே கிடைக்கிறது, எங்கே பயன்படுகிறது என்று பாருங்கள். இரண்டும் படுக்கையருகிலேயே நிகழ்கின்றன என்றால் அந்த வேலைக்குக் கையடக்கக் கருவி பொருந்தும். எடையைத் தாளில் குறித்து, அறைக்குத் திரும்பி, மேசைக் கணினியில் மறுபடியும் தட்டச்சு செய்யும் ஒவ்வொரு முறையும் பிழை நுழைய இடம் கொடுக்கிறோம். முடிவும் அரை நாள் தாமதமாகிறது.

ஊட்டக்குறைவுக்கான முன்சோதனை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பிரிட்டனின் பாப்பென் அமைப்பு 2003-இல் வெளியிட்ட 'மஸ்ட்' சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். உடல் நிறைக் குறியெண், கடந்த 3 முதல் 6 மாதங்களில் தானாக ஏற்பட்ட எடை இழப்பின் விழுக்காடு, கடுமையான நோயால் 5 நாட்களுக்கு மேல் உணவு உட்கொள்ள இயலாத நிலை ஆகிய மூன்றுக்கும் மதிப்பெண் தந்து கூட்டுகிறோம். கூட்டுத்தொகை 2 அல்லது அதற்கு மேல் என்றால் நோயாளி உயர் இடர்ப் பிரிவில் வருகிறார். இதை டேப்லெட்டில் செய்தால் விழுக்காட்டைக் கருவியே கணக்கிடும். நோயாளி படுக்கையில் இருக்கும்போதே முடிவு தெரிந்துவிடுவதால் அடுத்த கேள்வியை அங்கேயே கேட்க முடிகிறது.

ஆற்றல் தேவைக் கணக்கீட்டில்தான் எச்சரிக்கை தேவை. 1990-இல் வெளியான மிஃப்லின்–செயின்ட் ஜியோர் சமன்பாட்டின்படி, 60 கிலோ எடையும் 160 செ.மீ. உயரமும் கொண்ட 40 வயதுப் பெண்ணின் ஓய்வுநிலை ஆற்றல் செலவு 600 + 1000 − 200 − 161, அதாவது நாளொன்றுக்கு 1239 கிலோ கலோரி. கருவி இந்தக் கூட்டல் கழித்தலில் ஒருபோதும் தவறாது. தவறு நாம் உள்ளிடுவதில்தான் நிகழும். மறந்துபோய் உயரத்தை அங்குலத்தில் 63 என்று இட்டால் விடை ஏறக்குறைய 633 என்று வரும். பார்த்தவுடனே எவரும் சந்தேகப்படுவார்கள். எடையைப் பவுண்டில் 132 என்று இட்டுவிட்டால் 1959 என்று வரும். அது ஒரு பெரியவருக்குரிய இயல்பான எண்ணைப் போலவே தோற்றமளிப்பதால் யாரும் நிறுத்திப் பார்க்க மாட்டார்கள், ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. ஆகவே, அலகை மாற்றவே இயலாதபடி பூட்டி வைக்கக்கூடிய கணிப்பானையே தேர்ந்தெடுங்கள். விடையைப் பார்க்கும் முன்பு எவ்வளவு வரும் என்று மனத்தால் ஒரு மதிப்பீடு செய்யும் பழக்கத்தையும் துறையில் எல்லோருக்கும் ஏற்படுத்துங்கள்.

சமன்பாடு கேட்காத கேள்விகளும் உண்டு. நீர்க்கோத்து வீங்கியிருப்பவரின் எந்த எடையை உள்ளிடுவது என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். பல நாட்களாக உண்ணாதிருந்து, மறு உணவூட்டச் சிக்கலுக்கு (மீண்டும் வேகமாக உணவூட்டும்போது இரத்தத்தின் உப்புகள் ஆபத்தான அளவுக்குக் குறைவது) உயர் இடரில் இருப்பவருக்கு, பிரிட்டனின் நைஸ் நிறுவனம் 2006-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், எடையில் கிலோ ஒன்றுக்கு நாளொன்றுக்கு 10 கிலோ கலோரிக்கு மேற்படாமல் தொடங்கி மெல்ல உயர்த்தச் சொல்கிறது. 40 கிலோ எடையுள்ள நோயாளிக்கு அது 400 கிலோ கலோரிதான். பொதுவான கணிப்பான் காட்டுவது மொத்தத் தேவையை மட்டுமே. எங்கே தொடங்குவது என்பதை அது சொல்லாது.

குழாய்வழி உணவில் கருவியின் பயன் எனக்கு மிகத் தெளிவாகத் தெரிகிறது. 1500 மி.லி. உணவை 20 மணி நேரத்தில் செலுத்த வேண்டும் என்றால் மணிக்கு 75 மி.லி. ஸ்கேன் எடுக்கவோ அறுவை சிகிச்சைக்கோ என்று பம்ப் 4 மணி நேரம் நின்றுவிட்டால் 300 மி.லி. குறைந்துவிடும். இத்தகைய இடைநிறுத்தங்களைச் செவிலியரும் நாமும் ஒரே பதிவில் அப்போதைக்கப்போது குறித்துவந்தால், எழுதிக்கொடுத்த அளவுக்கும் உள்ளே சென்ற அளவுக்கும் இடையிலுள்ள பள்ளம் மறுநாள் காலைச் சுற்றிலேயே கண்ணுக்குத் தெரியும். நிர்வாகத்துக்கு ஒரே ஒரு காரணத்தை மட்டும் எழுதுவதென்றால் நான் இதைத்தான் எழுதுவேன்.

மறுமொழி 2
பதிவிட்டவர்: சமூக ஊட்டச்சத்துப் பணியாளர்

மருத்துவமனைக்கு வெளியே பணியாற்றுபவன் என்ற முறையில் சிலவற்றைச் சேர்க்கிறேன். குழந்தைகளின் வளர்ச்சியை மதிப்பிட உலக சுகாதார நிறுவனம் 2006-இல் வெளியிட்ட வளர்ச்சித் தரங்களின் அட்டவணைகளைக் கையால் புரட்டுவது நேரத்தை விழுங்கும் வேலை. பிறந்த தேதி, எடை, உயரம் ஆகியவற்றை இட்டவுடன் திட்ட விலக்கு மதிப்பை, அதாவது அதே வயதுக் குழந்தைகளின் நடு அளவிலிருந்து இந்தக் குழந்தை எவ்வளவு விலகியிருக்கிறது என்பதை, கருவி தந்துவிடுகிறது. குழந்தையின் வயதை மாதத்தில் கணக்கிடுவதில் வழக்கமாக நேரும் பிழையும் நீங்குகிறது. ஆனால் குழந்தையைப் படுக்கவைத்து அளந்தீர்களா, நிற்கவைத்து அளந்தீர்களா என்று செயலி கேட்கும்போது அதைக் கவனியாமல் கடந்துவிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தத் தரங்கள் இவ்விரண்டுக்கும் இடையே 0.7 செ.மீ. வேறுபாடு இருப்பதாகக் கொள்கின்றன. எல்லைக்கோட்டில் நிற்கும் குழந்தை எந்தப் பிரிவில் சேரும் என்பதை அந்தச் சிறு வேறுபாடு மாற்றிவிடும்.

எல்லாவற்றுக்கும் கருவி வேண்டும் என்பதும் இல்லை. 6 முதல் 59 மாத வயதுக் குழந்தையின் மேல்கைச் சுற்றளவு 115 மி.மீ.-க்குக் குறைந்தால் அது கடுமையான ஊட்டக்குறைவு என்பதை நிறமிட்ட ஒரு நாடாவே காட்டிவிடும். அங்கே கைபேசியை எடுப்பது வீண். மேலும், எந்தச் செயலியைத் தேர்ந்தாலும் இணையம் இல்லாதபோதும் அது முழுமையாக இயங்குகிறதா, பின்னர் இணைப்புக் கிடைத்ததும் ஒரே பதிவை இரண்டு முறை அனுப்பாமல் இருக்கிறதா என்று சோதித்துப் பாருங்கள். மருத்துவமனைக் கட்டடத்தின் அடித்தளத்திலும் மின்தூக்கி அருகிலும்கூட வைஃபை துண்டிக்கப்படும் என்பதால் இது உங்களுக்கும் பொருந்தும்.

மறுமொழி 3
பதிவிட்டவர்: புறநோயாளி ஆலோசகர்

செயலிகளின் எண்களை நம்பலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். அந்த எண் எந்தத் தரவுத்தளத்திலிருந்து வருகிறது என்பதைச் செயலி சொல்ல மறுத்தால் அதைத் தொழில்முறையில் பயன்படுத்தாதீர்கள் என்பதே என் நிலைப்பாடு. அமெரிக்க வேளாண்மைத் துறை 2019-இல் தொடங்கிய 'ஃபுட்டேட்டா சென்ட்ரல்' தளத்துக்குள்ளேயே ஆய்வகத்தில் பகுத்துப் பெற்ற மதிப்புகளும், உற்பத்தியாளர் லேபிளிலிருந்து எடுத்த மதிப்புகளும் தனித்தனி வகைகளாக இருக்கின்றன. 2012 முதல் இயங்கும் 'ஓப்பன் ஃபுட் ஃபேக்ட்ஸ்' தன்னார்வலர்கள் பார்கோடு வழியாகப் பதிவேற்றும் விவரங்களைக் கொண்டது. பொட்டலத்தின் உட்பொருட்களைத் தேட உதவும், ஆனால் ஒவ்வொரு பதிவையும் யாரோ சரிபார்த்திருப்பார்கள் என்று கொள்ள முடியாது.

இதில் பலரும் கவனிக்காத ஒரு பொறி உண்டு. லேபிளில் பொட்டாசியமோ பாஸ்பரஸோ அச்சிடப்படாவிட்டால் தரவுத்தளத்தில் அந்த இடம் காலியாக இருக்கும். சில செயலிகள் அந்தக் காலியிடத்தைப் பூஜ்யமாகக் கொண்டு கூட்டிவிடுகின்றன. சிறுநீரக நோயாளி ஒருவரின் ஒரு நாள் பொட்டாசியம் வரம்புக்குள் இருப்பதாகத் திரை காட்டும், உண்மையில் பாதி உணவுகளுக்குத் தரவே இருந்திருக்காது. அலகையும் பாருங்கள்: ஆய்வக அறிக்கை மில்லிமோலிலும் செயலி மில்லிகிராமிலும் பேசும். ஒரு மில்லிமோல் பொட்டாசியம் ஏறக்குறைய 39 மி.கி.

உணவுப் பதிவுக்கு ஒளிப்படம் எடுத்து அனுப்பச் சொல்வதை நான் ஆதரிக்கிறேன். நோயாளிகள் தாங்களே தெரிவிக்கும் உணவின் அளவு உண்மையைவிடக் குறைவாகவே இருக்கும் என்பது இரட்டைக் குறியிட்ட நீர் முறையிலான (சிறப்பு நீரைக் குடிக்கவைத்து உடல் செலவிடும் ஆற்றலை அளக்கும் முறை) ஆய்வுகளில் பலமுறை வெளிப்பட்ட ஒன்று. உண்பதற்கு முன்பு ஒரு படமும், மிச்சத்துடன் ஒரு படமும், அருகில் அளவு தெரிந்த ஓர் அட்டையும் இருந்தால் நினைவை மட்டும் நம்பியிருக்க வேண்டியதில்லை. உணவில் சேர்த்த எண்ணெயும் சர்க்கரையும் படத்தில் தெரியாது, கிண்ணத்தின் ஆழமும் தெரியாது. அவற்றைக் கேட்டுத்தான் அறிய வேண்டும். படத்தைப் பார்த்துத் தானாகவே கலோரி சொல்லும் செயலிகளை இதே காரணத்தால் சிகிச்சை முடிவுக்கு நான் பயன்படுத்துவதில்லை. உணவு உண்ணும் கோளாறு உள்ளவர்களிடம் கலோரி எண்ணும் செயலியை நீங்களாகப் பரிந்துரைக்கவே வேண்டாம். எண்ணுவதே அவர்களுடைய நோயின் பகுதியாக இருக்கலாம்.

பதிவிட்டவரின் தொடர் கேள்வி

மிக்க நன்றி. காலியிடம் பூஜ்யமாவது பற்றி எங்கள் துறையில் யாரும் யோசித்ததில்லை. தொடர் குளுக்கோஸ் சென்சார் அணிந்த நோயாளிகள் தங்கள் கைபேசியிலேயே வரைபடத்தைக் காட்டுகிறார்கள்; அதை ஆலோசனையில் எப்படிப் பயன்படுத்துவது? மூத்தவர்கள் சொல்லும் மரியாதைக் குறைவு பற்றியும் யாரும் இன்னும் பேசவில்லை.

மறுமொழி 4
பதிவிட்டவர்: நீரிழிவு உணவு ஆலோசகர்

2019-இன் சர்வதேசக் கருத்தொற்றுமை அறிக்கையின்படி, வகை 1, வகை 2 நீரிழிவு உள்ள பெரும்பாலான பெரியவர்களுக்கு நாளில் 70 விழுக்காட்டுக்கு மேற்பட்ட நேரம் குளுக்கோஸ் 70 முதல் 180 மி.கி./டெ.லி. வரம்பில் இருப்பது இலக்கு. ஆனால் ஒரே ஓர் உச்சத்தைப் பிடித்துக்கொண்டு அன்றைய உணவைக் குற்றம் சொல்லாதீர்கள். சென்சார் அளப்பது இரத்தத்தை அல்ல, திசுக்களிடையே உள்ள நீர்மத்தை; அது இரத்த அளவைச் சில நிமிடங்கள் தாமதமாகப் பின்தொடரும். ஒரே வேளையின் கோடுகளைப் பல நாட்களுக்கு அடுத்தடுத்து வைத்து, உணவுப் படங்களுடன் சேர்த்து, நோயாளியையே விளக்கச் சொல்லுங்கள். நான் முதலில் பேசாமல் இருப்பதே அங்கே என் வேலை.

மரியாதை பற்றி: மூத்தவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. திரை நோயாளிக்கு மறைந்திருப்பதுதான் சிக்கல். டேப்லெட்டை இருவருக்கும் தெரியும்படி மேசையில் படுக்கவைத்து, என்ன பதிகிறேன் என்பதைச் சொல்லிக்கொண்டே பதியுங்கள். அளவுகளைக் காட்டும் படங்களைப் பெரிதாக்கிக் காட்டும்போது நோயாளியே விரலால் சுட்டிக்காட்டுவார். அவர் மனம் கலங்கிப் பேசத் தொடங்கினால் கருவியைக் கவிழ்த்து வைத்துவிடுங்கள். விவரத்தைப் பிறகு எழுதிக்கொள்ளலாம்.

மறுமொழி 5
பதிவிட்டவர்: மருத்துவத் தகவல் பிரிவு

சொந்தக் கைபேசி பற்றிய கேள்விக்கு என் பதில்: நோயாளியின் விவரம் எதுவும் அதில் வேண்டாம். சமன்பாட்டுக் கணிப்பானும் வழிகாட்டு நூலும் இருக்கலாம். சொந்தக் கைபேசியில் எடுத்த உணவுத் தட்டின் படம் உங்களுக்குத் தெரியாமலே குடும்பத்தினர் பகிரும் கிளவுட் கணக்குக்குச் சென்றுவிடக்கூடும். படத்தின் ஓரத்தில் படுக்கை எண்ணோ கைப்பட்டையோ தெரியலாம். படக் கோப்புக்குள் எடுத்த இடமும் நேரமும் பதிவாகியிருக்கலாம். உடல்நலத் தரவுகளை ஐரோப்பிய ஒன்றியத்தின் 2018 முதல் நடைமுறையிலுள்ள தரவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறை தனிப் பாதுகாப்புக்குரிய வகையாகக் கருதுகிறது. உங்களுக்குப் பொருந்தும் சட்டத்தை நிறுவனத்தின் தரவு அலுவலரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். செயற்கை நுண்ணறிவு உரையாடல் செயலியில் நோயாளியின் குறிப்பை ஒட்டிச் சுருக்கம் கேட்பதும் தரவை வெளியாருக்கு அனுப்புவதே ஆகும். நிறுவனம் அதற்கென ஒப்பந்தம் செய்திராவிட்டால் அதற்கு இடமே இல்லை.

துறை டேப்லெட்டுகளில் சேமிப்பு குறியாக்கம் செய்யப்பட்டிருக்க வேண்டும். தொலைந்தால் தொலைவிலிருந்தே அழிக்கும் வசதி வேண்டும். பகிர்ந்து பயன்படுத்தினாலும் ஒவ்வொருவரும் தம் பெயரில்தான் நுழைய வேண்டும். இல்லையேல் ஒரு திட்டத்தை யார் மாற்றினார்கள் என்பது பிற்பாடு தெரியாது. வார்டிலிருந்து வார்டுக்குச் செல்லும் கருவி கிருமியையும் சுமந்து செல்லும் என்பதால் துணி உறை வேண்டாம். துடைக்கத்தக்க உறையிட்டு, தயாரிப்பாளர் அனுமதித்திருந்தால் 70 விழுக்காடு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் துடைப்பானால் நோயாளிக்கு நோயாளி துடையுங்கள். தனிமைப்படுத்தப்பட்டவரின் அறைக்குள் கொண்டுசெல்லவே வேண்டாம்.

நிர்வாகத்துக்கு எழுதும் குறிப்பில் மேலும் இரண்டைச் சேருங்கள். தரவுத்தளமும் கணிப்பானும் புதுப்பிக்கப்படும்போது பழைய விடைகளோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கும் பொறுப்பு துறையில் யாருடையது என்பதைப் பதவிப் பெயருடன் குறிப்பிடுங்கள். மின்கலம் தீர்ந்தாலோ வலையமைப்பு முடங்கினாலோ பயன்படுத்துவதற்கு, திரையில் உள்ள அதே வரிசையில் அச்சிட்ட காகிதப் படிவம் ஒவ்வொரு வார்டிலும் இருக்கும் என்பதையும் எழுதுங்கள்.