ராமானுஜன் அட்டவணையில் விட்டுப்போன எண்

குழு: மாட்டுங்கா வீடு
டிசம்பர் 21, ராத்திரி 8.40

அம்மு (முலுண்ட்): தாத்தா, நாளைக்கு ஸ்கூல்ல கணித தினம். ராமானுஜன் பத்தி நான் பேசணும். 1729 வேண்டாம், எல்லாரும் அதையேதான் சொல்வாங்க

தாத்தா: 293318625600. எழுதிக்கோ

அத்தை (செம்பூர்): எத்தனை கோடிப்பா இது?

தாத்தா: 29,331 கோடியே 86 லட்சத்து 25 ஆயிரத்து 600. இதுக்கு மொத்தம் 5040 காரணி. இதைவிடச் சின்ன எந்த எண்ணுக்கும் அத்தனை கிடையாது. அப்படிப்பட்டதை உயர் பகு எண்ணும்பாங்க. 12, 24, 60, 360 எல்லாம் அந்தக் கூட்டம்தான்

அத்தை: அம்மா லட்டு 48 பிடிப்பாளே, அது?

தாத்தா: அதுவும்தான். 50க்கு 6 காரணி, 48க்கு 10. 2, 3, 4, 6, 8ன்னு பல வீட்டுக்குச் சமமாப் பிரிக்க வசதி

அம்மு: 5040ஐயும் உட்கார்ந்து எண்ணினீங்களா தாத்தா 😳

தாத்தா: எண்ண வேண்டாம் கண்ணா. பகா எண்களாப் பிரி
2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19
ஒரு காரணியில 2 ஒரு தடவைகூட இல்லாம இருக்கலாம், ஆறு தடவை வரைக்கும் வரலாம். ஆக 7 வழி. மத்ததுக்கும் இப்படியே அடுக்கோட 1 கூட்டி எல்லாத்தையும் பெருக்கு

அம்மு: 7×5×3×3×2×2×2×2
அம்மு: 5040 வந்துடுச்சு!!!

பெரியப்பா: அந்த 5040ம் உயர் பகு எண்தான் அம்மு. அதுக்கு 60 காரணி. 60ம் அதே கூட்டம்

அம்மு: ராமானுஜன் எங்க வரார்?

தாத்தா: 1915ல லண்டன் கணிதச் சங்கத்தோட இதழ்ல இந்த எண்களைப் பத்திப் பெரிய கட்டுரை எழுதினார். மறு வருஷம் கேம்பிரிட்ஜ் அவருக்குப் பட்டம் கொடுத்தது இந்த வேலைக்குத்தான். அதுல ஒரு அட்டவணை, 6746328388800 வரைக்கும் 102 எண். கம்ப்யூட்டர் கிடையாது. அதுல சேர வேண்டியதுல நான் முதல்ல சொன்ன எண் ஒண்ணு மட்டும் விட்டுப்போச்சு

அம்மு: அவரேவா??

பெரியப்பா: இப்ப பிரிச்சுப் பார்த்தேன்ப்பா. வரிசையில இதுக்கு முன்னாடி 240940299600, அடுத்தது 321253732800. ரெண்டுலயும் 23 இருக்கு, 7 ஒரே தடவை. இதுல மட்டும் 23 இல்ல, 7 ரெண்டு தடவை

தாத்தா: இத்தனை வருஷமா நான் அதைக் கவனிக்கலடா. அம்மு, இதையும் சேர்த்துக்கோ

அம்மு: தாத்தா, அவர் விட்டதை மேடையில சொல்லலாமா? மிஸ் ஏதாவது நினைச்சுப்பாங்களோ

தாத்தா: தாராளமா சொல்லு. 102 சரியா வந்ததை முதல்ல சொல்லு, அப்புறம் இது. எனக்கு இது தெரிஞ்ச அன்னிக்குத்தான் அவர் மேல மரியாதை இன்னும் கூடிச்சு. ஒரு மனுஷன் ராத்திரி பகலா கையால போட்ட கணக்குன்னு அப்பதான் உறைச்சது

அத்தை: சார்ட் பேப்பர் இருக்கா அம்மு?

அம்மு: இருக்கு அத்தை, எழுத ஆரம்பிச்சுட்டேன்

தாத்தா: 9க்கு அப்புறம் 3 ரெண்டு தடவை வரும், பார்த்து எழுது. முடிச்சதும் போட்டோ அனுப்பு, நான் முழிச்சிட்டுதான் இருப்பேன்