2^61 − 1 பகா எண்தானே? என் நிரல் இரட்டை எண் என்கிறது

கேட்டவர்:
வணக்கம். 12-ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் காட்ட, பகா எண்ணா என்று பார்க்கும் சின்ன நிரல் ஒன்றைப் பைத்தானில் எழுதினேன். 97, 7919, 104729 எல்லாவற்றுக்கும் சரியாகச் சொன்னது. 2^61 − 1 கொடுத்ததும் நொடியில் "பகு எண்" என்றது. எதால் வகுபடுகிறது என்று அச்சிட்டால் 2! ஒன்றைக் கழித்த பிறகும் எப்படி இரட்டை எண்ணாகும்? இது பகா எண் என்று 1883-லேயே ரஷ்யக் கணிதர் பெர்வூஷின் நிறுவியிருக்கிறாரே.

பதில்:
நிரல் மேல் சந்தேகம் வேண்டாம், எண்தான் தப்பாக உள்ளே போகிறது. அதை உண்டாக்கிய வரி எது? அச்சிட்டால் கடைசி இலக்கம் என்ன?

கேட்டவர்:
மேத் தொகுப்பின் பவ் (math.pow, அடுக்கு காணும் சார்பு) போட்டு, ஒன்றைக் கழித்து, முழு எண்ணாக மாற்றினேன். 2305843009213693952 என்று வருகிறது.

பதில்:
அதேதான். 51-இல் முடிய வேண்டியது 52-இல் முடிகிறது. பவ் தருவது ஃப்ளோட், அதாவது தசமப் புள்ளி எண். அதில் 53 பிட் துல்லியம்தான் உண்டு. 2^61-க்குச் சற்றுக் கீழே ஃப்ளோட் எண்கள் 256 இடைவெளி விட்டுத்தான் இருக்கின்றன, அதனால் நீங்கள் கழித்த 1 அப்படியே காணாமல் போய்விட்டது. 2**61 - 1 என்று எழுதுங்கள், ஃப்ளோட் பக்கமே போகாது.

கேட்டவர்:
ஆமாம், இப்போது 51 வந்துவிட்டது. மிக்க நன்றி! ஆனால் அரை மணி நேரமாக ஓடிக்கொண்டே இருக்கிறது. n − 1 வரை வகுத்துப் பார்க்கிறேன்.

இன்னொருவர்:
ஐயா, வர்க்கமூலம் வரை போனால் போதும். அதுவே சுமார் 151 கோடி. ஆனால் p ஒற்றைப் பகா எண் என்றால், 2^p − 1-இன் பகாக் காரணி எதுவும் 2kp + 1 (k முழு எண்) வடிவில்தான் இருக்கும். 2^11 − 1 = 2047 = 23 × 89. இரண்டிலும் 1-ஐக் கழித்தால் 22-இன் மடங்கு! உங்கள் எண்ணுக்கு (p = 61) 123, 245, 367 என்று 122 கூட்டிக்கொண்டே போங்கள், சுமார் 1.24 கோடி வகுத்தலில் முடியும்.

இதைவிட அழகானது லூக்கா–லேமர் சோதனை. 4-இல் தொடங்கி, ஒவ்வொரு முறையும் வர்க்கப்படுத்தி, 2 கழித்து, 2^p − 1-ஆல் வகுத்து மீதியை எடுங்கள். p − 2 சுற்று முடிவில் பூஜ்யம் வந்தால் பகா எண், வராவிட்டால் இல்லை. 31-க்கு (p = 5) கையாலேயே போடலாம்: 4, 14, அப்புறம் 194-இன் மீதி 8, அப்புறம் 62-இன் மீதி 0. பிள்ளைகளுக்கு முதலில் இதைக் கரும்பலகையில் போட்டுக் காட்டுங்கள்.

கேட்டவர்:
போட்டேன் தம்பி. 59-ஆம் சுற்றில் பூஜ்யம், கண் இமைக்கும் நேரத்தில்! 2^p − 1 பகா எண்ணாகும் p-க்கள் என்று பிரெஞ்சு அறிஞர் மெர்சென் 1644-இல் தந்த பட்டியலில் 61-ஐ விட்டுவிட்டு 67-ஐச் சேர்த்திருந்தார் அல்லவா, 67-ஐயும் பார்த்தேன். 65 சுற்று முடிந்தும் பூஜ்யம் வரவில்லை. 2^67 − 1-ஐ, அமெரிக்கக் கணிதர் கோல் 1903-இல் கொடுத்த காரணி 193707721-ஆல் வகுத்தேன், மீதியில்லாமல் 761838257287. காரணியில் 1-ஐக் கழித்தால், நீங்கள் சொன்னபடியே 134-இன் மடங்கு.