எக்கோ அறிக்கையில் 60 சதவீதம் என்றால் மீதி 40 எங்கே?

கேள்வி (கோபிசெட்டிபாளையம்):
என் அப்புச்சிக்குக் கோவையில் எக்கோ எடுத்தபோது, இ.எஃப். 60 சதவீதம் என்று எழுதி, இதயம் நன்றாக இருப்பதாகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். இதயத்தில் நூற்றுக்கு அறுபதுதான் வேலை செய்கிறது என்று வீட்டில் கவலைப்படுகிறார்கள். மேலும், கிணற்று மோட்டாரைப் போல இதயம் ரத்தத்தை உறிஞ்சுகிறதா, அல்லது ரத்தம் தானாக வந்து நிறைகிறதா என்பதையும் தெரிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில் (ஈரோடு, உடலியங்கியல் ஆசிரியர்):
நிறைந்து நிற்கும் இடது கீழறையிலிருந்து ஒரு துடிப்பில் வெளியேறும் ரத்தத்தின் பங்குதான் இ.எஃப். ஓய்வில் அங்கே சுமார் 120 மில்லி நிறைந்தால், ஏறத்தாழ 70 மில்லி பெருந்தமனிக்குள் போய், மீதி உள்ளேயே தங்கும். நலமான இதயமும் தன்னை முழுவதும் காலி செய்வதில்லை. படியேறும்போது இன்னும் இறுகச் சுருங்கி, அந்தக் கையிருப்பிலிருந்தும் எடுத்துக்கொள்ளும்.

உறிஞ்சுதல், தானாக நிறைதல் ஆகிய இரண்டும் உண்டு. சுருங்கி முடித்த கீழறை தளரும்போது அதன் அழுத்தம் மேலறையின் அழுத்தத்துக்கும் கீழே இறங்கிவிடுவதால், இரண்டுக்கும் நடுவிலுள்ள ஈரிதழ் வால்வு திறந்து, அதுவரை மேலே சேர்ந்திருந்த ரத்தம் பாய்ந்து இறங்குகிறது. சுருங்கும்போது முறுக்கிக்கொண்ட தசை விடுபட்டு விரிவதால் ஓரளவு உறிஞ்சலும் நிகழ்கிறது. ஏறத்தாழ முக்கால் பங்கு இப்படியே நிறைந்த பிறகுதான் மேலறை சுருங்கி மிச்சத்தைத் தள்ளுகிறது. பின்னர் கீழறை இறுகத் தொடங்கியதும் ஈரிதழ் வால்வு மூடிக்கொள்ளும். உள்ளழுத்தம் பெருந்தமனியின் அழுத்தத்தை, அதாவது சுமார் 80 மில்லிமீட்டர் பாதரசத்தை, மிஞ்சும்வரை ரத்தம் பெருந்தமனிக்கு வெளியேறும் வழியிலுள்ள வால்வும் திறக்காது. வலப்பக்கத்திலும் இதே வரிசைதான். அழுத்தம் மட்டும் மிகக் குறைவு.

பதில் (பொள்ளாச்சி, செவிலியர்):
நிறையும் நேரத்தைப் பற்றி ஒன்று சேர்க்கிறேன். நிமிடத்துக்கு 75 துடிப்பு என்றால், ஒரு துடிப்பின் 0.8 விநாடியில் சுமார் 0.5 விநாடி தளர்வுக்கே போகிறது. துடிப்பு வேகமெடுக்கும்போது பெரிதும் குறைவது இந்த நேரமே. இடது கீழறைத் தசைக்கு ரத்தம் பெரும்பாலும் கிடைப்பதும் இந்தத் தளர்வின்போதுதான். நீண்டநாள் ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்குத் தசை விறைத்து, இ.எஃப். நன்றாக இருந்தும் நிறைவது சிரமமாகலாம். என் கருத்தில், அந்த 60-ஐவிட, அறிக்கையில் ‘டயஸ்டாலிக்’ (அதாவது, இதயம் தளர்ந்து நிறையும் கட்டம்) என்று தொடங்கும் வரியைத்தான் நீங்கள் முதலில் பார்க்க வேண்டும்.

கேட்டவர்:
மிக்க நன்றிங்க. ‘டயஸ்டாலிக் டிஸ்ஃபங்ஷன், கிரேட் 1’ என்று இருக்கிறது. இது கெடுதலா?

பதில் (பொள்ளாச்சி, செவிலியர்):
தளர்வது சற்றுத் தாமதமாகிறது என்பது அதன் பொருள்; வயதானவர்களிடம் இதை அடிக்கடி பார்க்கிறோம். நடக்கும்போது மூச்சு வாங்குகிறதா, கால் வீங்குகிறதா என்று அப்புச்சியிடம் கேட்டுக்கொண்டு, ரத்த அழுத்த அளவுகளுடன் மருத்துவரிடம் காட்டுங்கள்.