மீதமுள்ள கருவைத் தங்கைக்குக் கொடுக்கலாமா?

செங்காங் அம்மா:
வணக்கம். ஐவிஎஃப் (உடலுக்கு வெளியே கருவை உருவாக்கும் சிகிச்சை) மூலம் எங்களுக்கு இரண்டு பிள்ளைகள். இன்னும் மூன்று கருக்கள் உறைநிலையில் இருக்கின்றன, வருடா வருடம் அதற்கான பில் வரும்போதெல்லாம் வீட்டில் இதே பேச்சுதான். என் தங்கை ஒன்றைக் கேட்கிறாள், அவளுக்கு முட்டை சரியில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். எனக்குச் சம்மதம். கணவருக்கு மனமில்லை, "நம்ம பிள்ளை என்னைப் பெரியப்பான்னு கூப்பிடணுமா" என்கிறார். பிறக்கும் குழந்தை சட்டப்படி யாருடையது? தங்கையின் மாமியார் வேறு, குழந்தைக்கு இது தெரியவே கூடாது என்கிறார்.

ஈசூன்வாசி:
நம் சிங்கப்பூர்ச் சட்டத்தில் குழப்பமில்லை. செயற்கைக் கருத்தரிப்பில் பிறக்கும் பிள்ளைகளுக்கென்று 2013இல் ஒரு சட்டம் வந்தது. அதன்படி சுமந்து பெற்றவள்தான் தாய், சம்மதம் கொடுத்த அவள் கணவர்தான் தந்தை. பிறகு மனசு மாறி நீங்கள் உரிமை கேட்க முடியாது. ஆனால் உங்கள் கணவரின் ஒப்புதல் இல்லாமல் எதுவும் நகராது. அப்புறம், இதற்காகத் தங்கையிடம் பணம், நகை என்று எதையும் வாங்கிவிடாதீர்கள். கருவை விற்பது 2004 சட்டப்படி குற்றம், 10 ஆண்டுவரை சிறை உண்டு.

தாதி அக்கா:
உங்கள் கணவர் தயங்குவதைப் பிடிவாதம் என்று நினைக்காதீங்கம்மா. 2017இல், ஐவிஎஃப் சிகிச்சையில் கணவரின் விந்துக்குப் பதில் வேறொருவருடையது மாறிப்போன ஒரு வழக்கில் நம் மேல்முறையீட்டு நீதிமன்றமே மரபணு உறவு அறுந்துபோவதை ஒரு தனி இழப்பாக ஏற்று, பிள்ளை வளர்க்கும் செலவில் 30 விழுக்காட்டை இழப்பீடாகக் கொடுக்கச் சொன்னது. நாளைக்குத் தீபாவளிக்கு அந்தக் குழந்தை உங்கள் மூத்த பிள்ளையின் அதே ஜாடையில் வந்து நிற்கும், அதை அவர் தாங்குவாரா என்று இப்போதே பேசிவிடுங்கள்.

மாமியார் சொல்வதை மட்டும் நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். அக்கா தங்கை பிள்ளைகள் நம் வழக்கத்தில் எப்படியும் உடன்பிறப்பு முறைதான். இதுவே உங்கள் நாத்தனாருக்குக் கொடுப்பதாக இருந்தால் முறைப்பிள்ளை ஆகிவிடும், விஷயம் தெரியாமல் கல்யாணப் பேச்சுவரை போய் நிற்கும். அதோடு, பரம்பரை நோய் உண்டா என்று டாக்டர் கேட்டால் அந்தப் பிள்ளை யாரை வைத்துப் பதில் சொல்லும்? சின்ன வயதிலேயே சொல்லிவிடுங்கள்.

செங்காங் அம்மா:
நன்றி அக்கா. கடைசிவரை அவர் சம்மதிக்காவிட்டால்?

ஈசூன்வாசி:
அப்படியே வைத்திருக்கலாம், அழிக்கச் சொல்லலாம், இல்லை ஆராய்ச்சிக்குக் கொடுக்கலாம். ஆராய்ச்சியிலும் 14 நாளுக்குமேல் வளர்க்கச் சட்டம் விடாது. எதுவானாலும் இரண்டு பேரும் சேர்ந்துதான் முடிவெடுக்க வேண்டும். முதலில் தங்கை வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு நாலு பேருமாக ஆலோசகரைப் பாருங்கள், மாமியார் அப்புறம்.